வெறி என்று எழுதாதே, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

மறுமொழி போடப் பிந்திவிட்டது, கோபிக்காதே. இங்கு எல்லோரும் சுகம். கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் ஒருவரும் வெளியில் இறங்குவதில்லை. அத்தான் அந்த ரேடியோவை இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டார்.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து கை கழுவிக்கொண்டே இருக்க வைக்கும் அந்த மனநோயைப் பற்றி நீ மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரம் கிடைத்தது. கையெழுத்து வழக்கம்போல மருந்துச் சிட்டைதான், ஆனால் நல்ல வேலை செய்திருக்கிறாய். ஒன்றே ஒன்று. இங்கிலிசில் அந்த எண்ணத்துக்கு ‘அப்செஷன்’ என்று வந்த இடமெல்லாம் ‘வெறி’ என்று போட்டிருக்கிறாயே, அச்சுக்குப் போக முதல் அதை எடுத்துவிடு. கொழும்பில் இருந்து இருந்து ஊர்ப்பேச்சு மறந்துபோச்சா? இங்கே வெறி என்றால் முதலில் குடிவெறி. ‘வெறியில நிக்கிறான்’, ‘வெறிக்குட்டி’, ‘விடியத்தான் வெறி முறிஞ்சுது’. ‘கை கழுவும் வெறி’ என்பதை மூதூரிலோ நிலாவெளியிலோ ஒரு தாய் வாசித்தால் என்ன நினைப்பாள்? நோயாளிப் பிள்ளையை வெறிகாரன் ஆக்கிவிட்டார்கள் என்று தாளைக் கசக்கி எறிவாள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு குடிவாடை இல்லை. அங்கே கடிக்கிற நாய்க்குத்தான் வெறி. எங்களுக்கு அது விசர்நாய்.

இந்தச் சொற்களின் சாயலைப் பிடிக்க அகராதி உதவாது. ஒன்றுக்கு மற்றதைப் பொருளாகப் போட்டுச் சுற்றவிடும். ஒவ்வொரு சொல்லும் எந்த வினையோடு வந்து எந்த வினையோடு போகிறது என்று பார். பித்துப் பிடிக்கும், பிறகு தெளியும். வெறி ஏறும், முறியும் அல்லது தணியும். மோகம் பிறக்கும், தீரும். பற்றை நாங்கள் வைக்கிறோம், அது அறும். கோயிலில் ஆடுபவருக்கு உரு வரும், சாமி மலையேறும். வருகிற வினை பல சொற்களுக்குப் பொது. போகிற வினையில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது.

பித்து தெளிவது ஏனென்றால், அது பித்தத்தில் இருந்து வந்தது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று மிஞ்சித் தலைக்கேறினால் புத்தி கலங்கும் என்பது பழைய வைத்தியக் கணக்கு. கலங்கியது தெளியத்தானே வேண்டும். அதனால் பித்தில் குற்றம் இல்லை. ‘பெற்ற மனம் பித்து’ என்கிறோம். அந்த இடத்தில் வெறியை வைத்துப் பார், வாய் கூசும். சுந்தரர் சிவனையே ‘பித்தா’ என்று கூப்பிட்டார், தேவாரமாகிவிட்டது. மையலும் ஒருகாலத்தில் இதே வீட்டுச் சொல். ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ என்ற குறளில் அது பைத்தியக்காரன். இன்றைக்கு அது காதல் மட்டும்தான், நோய் கழன்றுவிட்டது.

மோகத்துக்கு ‘முப்பது நாள்’ என்று பழமொழியே தவணை போட்டிருக்கிறது. வெளிநாட்டு மோகம், இங்கிலிஸ் மோகம் என்று அடுத்தவனைத்தான் சொல்வோம். தனக்கு மோகம் என்று ஒருவனும் ஒத்துக்கொள்ளமாட்டான். பற்று இதற்கு நேர் எதிர்: தன்னுடையது மொழிப்பற்று, மற்றவனுடையது மொழிவெறி. பொருள் ஒன்று, நிற்கிற பக்கம் வேறு. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே எங்கள் நாட்டில் எவ்வளவு தீமை நடந்தது என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. (கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று என்ற பற்று நிலப்பிரிவு. அதைக் கொண்டுவந்து வாதாடாதே, உன்னை எனக்குத் தெரியும்.)

வெறிக்கும் ஒரு பழைய பெருமை உண்டு, மறுக்கவில்லை. சங்கப் பாட்டில் அது மணம். அது முருகன் பூசாரியான வேலன் ஆடும் ஆட்டமும்தான். காதலால் மெலிந்த பெண்ணை முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் வேலனை அழைப்பாள்; ஆட்டு மறி அறுத்து வெறியாட்டு நடக்கும். ஆனால் மருந்து எடுக்க வருகிறவர் குறிஞ்சித்திணை படித்துவிட்டு வரமாட்டார்.

இப்போது முக்கியமான இடம். ‘எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது’ என்றால் அது என்னைப் பிடித்தது. ‘அவன் பிடிவாதம் பிடிக்கிறான்’ என்றால் பிடிப்பவன் அவன். கிரிக்கெட் விசர், படப் பைத்தியம் எல்லாம் அதற்குள்ளேயே சந்தோசமாகக் கிடக்கிறவனைச் சொல்வது. நீ மொழிபெயர்க்கும் நோயாளி அப்படியா? அவருக்கு அந்த எண்ணம் வேண்டாம். கை சுத்தம் என்று தெரிந்தும் அழுக்கு அழுக்கு என்று அது வருகிறது; கழுவினால் கொஞ்ச நேரம் ஆறுதல், அந்த ஆறுதலே அடுத்த முறை கழுவ இழுக்கிறது. இங்கிலிஸ் சொல்லின் லத்தீன் வேரும் முற்றுகை இடுவதுதான். உள்ளே இருப்பவர் எதிர்த்துக்கொண்டிருக்கிறார், மச்சான். விருப்பத்தைச் சொல்லும் எந்தச் சொல்லும் அவருக்கு அநியாயம்.

ஆகவே தலைப்பில் ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று போடு. உள்ளே ‘வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணம்’ என்று நீட்டியே எழுது. இடம் போனால் போகட்டும். கழுவுவது, பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, எண்ணுவது போன்றவற்றுக்கு ‘செய்யாமல் இருக்க முடியாத செயல்’. ‘ஈடுபாடு’ என்று 2ஆம் பக்கத்தில் எழுதியதை வெட்டு. அது பாட்டுக்கும் படிப்புக்கும் உரிய சொல். ‘பீடிப்பு’ பொருளுக்குச் சரி, ஆனால் பேய் பிசாசு வாடை வரும். நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ‘விசர்’ ஒரு இடத்திலும் வேண்டாம். வீட்டார் பகுதியில் ‘ஆறுதல் சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறாய். ‘சுத்தமா, சுத்தமா’ என்று கேட்கும்போதெல்லாம் ‘ஓம், சுத்தம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் சுழற்சி கூடும். கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் சிகிச்சை, தேவையானவர்களுக்கு மருந்தும் உண்டு. அந்த வரியை டொக்டரிடம் காட்டி மாற்று.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்.

உன்,
மச்சான்