மலைக்குளிருக்கு 40 யூனிட் போதாது: கேரள மின்துறைக்கு ஒரு திறந்த மடல்

கேரள அரசின் மின்துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இடுக்கி மாவட்டத்து மலைப்பகுதியான தேவிகுளம் வட்டத்து ஏழை வீடுகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கட்ட வேண்டியிருக்கும் மின்கட்டணம் பற்றியது இம்மடல். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்திருப்பதால், தமிழில் எழுதுகிறேன்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீடுகளுக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் 50 காசு என்ற சலுகைக் கட்டணம் இருக்கிறது. இணைப்புச் சுமை, அதாவது வீட்டிலுள்ள மின்கருவிகளின் மொத்தத் திறன், 1,000 வாட்டையும் மாதப் பயன்பாடு 40 யூனிட்டையும் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. ஆலப்புழையில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும் வீட்டுக்கு இந்த வரம்பு பொருந்தலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கும் மூணாறு, செண்டுவாரை, வட்டவடைப் பகுதிகளில் மின்விசிறிக்கு வேலையே இல்லை. இங்கே மின்சாரம் தேவைப்படுவது வெந்நீருக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண வாட்டர் ஹீட்டர் ராடு 1,500 வாட். விடிகாலையில் ஒரு பானை, வேலை முடிந்து வந்தபின் ஒரு பானை என்று அரை மணி நேரம் வீதம் இருமுறை போட்டால் நாளுக்கு ஒன்றரை யூனிட், மாதத்துக்கு 45 யூனிட். விளக்கு, அரைக்கும் மிக்சி, கைபேசி எதையும் கணக்கில் சேர்க்காமலேயே அந்த வீடு சலுகைக்கு வெளியே போய்விடுகிறது. சுமை வரம்பையோ அந்த ஒரு ராடே மீறிவிடுகிறது. அறையைச் சூடாக்கும் ஹீட்டரைப் பற்றி நான் பேசவே இல்லை; அது ரிசார்ட்டுக்காரர்களின் கவலை.

தேயிலை எஸ்டேட் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைக் குளிர்காலத்தில் உள்ளே வந்து பார்த்தவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றாது. தகரக் கூரையின் உட்புறம் இரவெல்லாம் நீர் கோத்து, விடியும் நேரத்தில் கம்பளியின்மீது சொட்டும். தேங்காய் எண்ணெய்க் குப்பியை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் பிள்ளைகளுக்குத் தலை வார முடியும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஜனவரி நாட்களில் புல்வெளியில் உறைபனி படிவதைப் படமெடுக்க வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். அதே உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதால், நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் காசு இந்த மாதங்களில்தான் குறைகிறது. வருமானம் இறங்கும்போது பில் ஏறுகிறது என்பதே எங்கள் சிக்கலின் மையம்.

விறகு இருக்கிறதே என்று கேட்கலாம். மழையிலும் பனியிலும் ஊறிய கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு புகையைத்தான் தரும். சிலர் கரிக்கங்கைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திய அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோகக் கூடும். கட்டணத்துக்குப் பயந்து சுவிட்சை அணைப்பவர்கள் போய்ச் சேரும் இடம் இதுதான் என்பதைத் துறை கருத்தில் கொள்ள வேண்டும்.

எனவே, உறைபனி விழும் பஞ்சாயத்துகளில் மேற்சொன்ன மூன்று மாதங்களுக்கு மட்டுமாவது, ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள் மற்றும் இளஞ்சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கும் வீடுகளுக்குச் சலுகை வரம்பை மாதம் 100 யூனிட்டாக உயர்த்தி, சுமை நிபந்தனையையும் நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, 15 நாள் அறிவிப்புக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க அனுமதிக்கிறது. குளிர் மாதங்களில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல், பாக்கியைத் தவணையில் பெற்றுக்கொள்ளலாம். செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அதே சட்டத்தின் 65ஆம் பிரிவில் விடை இருக்கிறது: மானியம் அறிவிக்கும் மாநில அரசு, அதற்கான தொகையை மின்சாரம் விநியோகிக்கும் உரிமதாரருக்கு (இங்கே மின்வாரியத்துக்கு) முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஆகவே வாரியத்துக்கோ, மற்ற நுகர்வோருக்கோ இதனால் நட்டமில்லை.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு பகுதியின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாட்கள் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே இருந்தால், தகுதியுள்ள ஏழை வீடுகளுக்கு 25 பவுண்டு தானாகவே வழங்கப்படும் ஏற்பாடு உண்டு. யாரும் மனு எழுதி அலைய வேண்டியதில்லை. மூணாறின் அன்றாட வெப்பநிலையை தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி மையம் ஏற்கெனவே பதிவு செய்துவருவதால், நம் குளிருக்கு ஏற்ற ஓர் அளவை நிர்ணயித்து, அவசர உதவித் தொகையை அதனோடு இணைப்பது கடினமல்ல. தொழிலாளரைக் குளிரிலிருந்து காக்கக் கம்பளி வழங்கும்படி முதலாளிகளுக்கு விதி வகுக்கலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. குளிர் ஒரு செலவு என்பது அரசுக்குப் புதிய செய்தியல்ல.

கேரளத்தின் முதல் அரசு நீர்மின் நிலையம் 1940இல் எங்கள் மூணாறுக்கு அருகே பள்ளிவாசல் என்னும் ஊரில்தான் இயங்கத் தொடங்கியது. அந்த உரிமையைச் சொல்லி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. வெப்பமானி காட்டுவதை வைத்தே கேட்கிறோம். அடுத்த கட்டண மாற்றத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தமிழில் பேச இடமளித்து மூணாறிலேயே நடத்தும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வேலைநாளில் திருவனந்தபுரம் வருவதென்றால் எங்களுக்குச் சம்பளம் போய்விடும்.

இப்படிக்கு,
தேவிகுளம் வட்டத்து மின் நுகர்வோர் ஒருவர்