இரண்டாவது கன்ட்ரோலரை வைத்தும் விமர்சனம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதழில் வீடியோ கேம் விமர்சனத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் அதில் வருபவை எல்லாம், கை பழகிய ஒருவர் தனியாக ஆடி முடித்துவிட்டு எழுதியவை. கிராபிக்ஸ் எப்படி, கதை எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும், பத்துக்கு எவ்வளவு. பிள்ளையும் அம்மாவும் தாத்தாவும் சேர்ந்து ஆட ஒரு கேம் தேடும் வீட்டுக்கு இது போதாது. இரண்டாவது கன்ட்ரோலரை, அதாவது கேம் ஆடக் கையில் பிடிக்கும் கருவியை, எடுப்பவருக்கு அந்த கேமில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' நடந்த உதாரணம். ஒரு தீவில் குடியேறி அதை வளர்க்கும் கேம் அது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கொண்டாடத் தகுந்த கேம்தான். ஆனால் ஒரு ஸ்விட்ச்சில் ஒரே ஒரு தீவுதான் உண்டு. எட்டுப் பேர் வரை அதில் குடியேறலாம். கேமை முதலில் தொடங்கியவர்தான் தீவின் பிரதிநிதி. தீவு வளர்வதற்கான முக்கிய முடிவுகள் எல்லாம் அவர் கையில். பிறகு சேரும் தங்கைக்கு ஒரு வீடு கிடைக்கும், மீன் பிடிக்கலாம், பூச்சி பிடிக்கலாம். கதையை மட்டும் அவளால் நகர்த்த முடியாது. இருவரும் ஒரே திரையில் ஆடினால் ஒருவர் தலைவர், மற்றவர் பின்னால் போகிறவர். பின்னால் போகிறவர் தன் பையைத் திறக்க முடியாது. அவர் பொறுக்குவதெல்லாம் மறுசுழற்சிப் பெட்டிக்குப் போய்விடும். தனித் தீவு வேண்டுமென்றால் இன்னொரு ஸ்விட்ச் வாங்க வேண்டும். கேமை வாங்கிய பலர் கோபப்பட்டு இணையத்தில் மதிப்பெண்ணைக் கீழே இழுத்த பிறகுதான் இது பெரிய பேச்சானது. தனியாக ஆடுகிறவர் கண்ணில் இது படவே படாது. முன்பே சொல்லியிருந்தால், வீட்டில் அதிகம் ஆடப்போகும் பிள்ளையை முதலில் தொடங்கச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சின்ன யோசனை. அதோடு அந்தக் கேமில் பேச்செல்லாம் எழுத்தில்தான் வரும், புரியும்படியான குரல் கிடையாது. ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்காத குழந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு வாசிக்க வேண்டியிருக்கும் என்று தமிழில் வரும் விமர்சனம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விமர்சகரிடம் நான் கேட்பது ஒரு சோதனை. கேம் ஆடிப் பழகாத ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்து, அரை மணி நேரம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது எதிரியிடம் இல்லை, கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிகளில் ஒன்றான வலது ஸ்டிக்கிடம்தான். முப்பரிமாண கேம்களில் இடது ஸ்டிக்கால் நடக்கவும் வலது ஸ்டிக்கால் பார்வையைத் திருப்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது பழகியவருக்கு மூச்சு விடுவது மாதிரி; புதியவர் தரையையோ வானத்தையோ பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டிருப்பார். பக்கவாட்டில் மட்டும் நகரும் கேம்களில் இந்தச் சிக்கல் இல்லை. பார்வையைத் தானாகத் திருப்பும் வசதி இருக்கிறதா என்ற ஒரு வரி, கிராபிக்ஸைப் பற்றிய ஒரு பத்தியைவிடப் பயன்படும்.

2021-இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' இருவர் சேர்ந்து ஆடவே செய்யப்பட்டது. தனியாக ஆடவே முடியாது. ஜோடியாக ஆட எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் இருவருக்கும் இரண்டு ஸ்டிக்கும் கைவர வேண்டும், கடினத்தைக் குறைக்க வழியும் இல்லை. பொம்மைகளும் வண்ணங்களுமாக இருப்பதைப் பார்த்துச் சின்னக் குழந்தையை உட்கார வைத்துவிடக் கூடாது. கதை விவாகரத்துக்குத் தயாராகும் பெற்றோரைப் பற்றியது. நடுவில் ஒரு பொம்மை யானைக்கு நேரும் கதி குழந்தையை நன்றாகவே அழ வைக்கும். ஐரோப்பிய வயதுக் குறியீடான பெகி இதற்கு 12 என்று கொடுத்திருப்பது சரிதான்.

உதவி வசதிகளையும் விளக்கமாக எழுத வேண்டும். 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' பந்தய கேமில் ஸ்மார்ட் ஸ்டியரிங் என்ற வசதி வண்டியைப் பாதையை விட்டு விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆட்டோ ஆக்ஸிலரேட் என்ற வசதி, பொத்தானை அழுத்தாமலே வண்டியை ஓட்டும். இரண்டையும் போட்டுவிட்டால் நான்கு வயதுக் குழந்தையும் பந்தயத்தை முடிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஸ்மார்ட் ஸ்டியரிங் இருக்கும்வரை சில குறுக்கு வழிகளில் போக முடியாது, வளைவில் சறுக்கி டிரிஃப்ட் அடித்துக் கிடைக்கும் மிகப் பெரிய வேகமும் வராது. ஆகவே கொஞ்சம் தேறிய பிள்ளைக்கு அதை எடுத்துவிட வேண்டும். 2023-இன் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' கேமில் யோஷி, நாபிட் பாத்திரங்களை எதிரிகள் தொட்டாலும் அடிபடாது. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் உயிர் போகும், அதனால் சிறியவர்கள் தடுமாறுவது தாவும் இடங்களில்தான். நான்கு பேர் ஆடும்போது திரை, கிரீடம் வைத்திருப்பவரைத்தான் தொடர்ந்து போகும். வேகமாக ஓடும் அண்ணனிடம் கிரீடம் இருந்தால் மற்றவர்கள் பின்தங்கித் திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருப்பார்கள். தனியாக ஆடி எழுதும் விமர்சனத்தில் இது எப்படி வரும்?

கன்ட்ரோலர் கணக்கும் வேண்டும். ஸ்விட்ச்சோடு வரும் ஜாய்கான் என்ற ஒரு ஜோடி சின்ன கன்ட்ரோலரைப் பிரித்து இருவர் மரியோ கார்ட் ஆடலாம். எல்லா கேமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் இணையும், ஆனால் பழைய 4-க்கான கேம்களுக்கு மட்டும்தான். 5-க்கான கேமை இருவர் ஆட அதன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் இன்னொன்று வாங்க வேண்டும். கேமின் விலையோடு இதையும் கூட்டிச் சொல்லுங்கள். டிவியில் கேம் மோட் போட்டுச் சோதித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். சாதாரண மோடில் டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரத்தால் பொத்தானுக்கும் திரைக்கும் இடையே தாமதம் வரும், புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுவார்.

கடைசியாகப் பணம். பிளே ஸ்டோரில் 3+ என்று போட்டிருந்தால் உள்ளடக்கம் குழந்தைக்கு ஏற்றது என்று மட்டும் பொருள்; எளிது என்றோ இலவசம் என்றோ பொருள் இல்லை. ஃபிஃபா கால்பந்து கேம்களுக்குப் பெகி 3 வயது என்றே கொடுத்து வந்தது. அதே கேம்களில் எந்த வீரர் வருவார் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பாக்கெட்டுகள் இருந்தன. 2018-இல் பெல்ஜியம் இத்தகையவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது. 2019 ஜனவரியில் அங்கே அவற்றுக்கான புள்ளிகளை விற்பது நின்றது. மொபைல் கேமை விமர்சிக்கும்போது பிளே ஸ்டோரில் 'இந்த ஆப்பைப் பற்றி' பகுதியின் அடியில் இருக்கும் கேமுக்குள் காசு கொடுத்து வாங்குபவற்றின் விலை வரம்பைப் பார்த்து எழுதுங்கள்: ஒரு பொருளின் குறைந்த விலையும் கூடிய விலையும் அங்கே இருக்கும். ஏரோபிளேன் மோடில் கேம் திறக்கிறதா, ஒரு மட்டம் முடிந்ததும் விளம்பரம் எத்தனை நொடி ஓடுகிறது, மூடும் குறி குழந்தையின் விரலுக்குத் தட்டுப்படும் அளவில் இருக்கிறதா என்பவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்புகளில் மாற்றி வைக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். கிஃப்ட் கார்டால் ஏற்றிய பிளே பேலன்ஸுக்கு வங்கியின் ஓடிபி வராது. அந்தக் கடவுச்சொல்தான் ஒரே பூட்டு.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்