பாதி மூச்சு இருக்கும்போதே திரும்ப வேண்டும்: எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழகத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் கணினிகளிலிருந்து ‘சப்நாட்டிகா’ என்னும் கடலடி விளையாட்டை நீக்கச் சொல்லிப் பெற்றோர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். “நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள செத்துச் செத்துப் பிழைக்கிற பிள்ளைக்கு, ஆத்துத் தண்ணியப் பாத்தா பயம் எங்கேருந்து வரும்?” என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தாமிரபரணிக் கரையில் பிள்ளை வளர்க்கிற யாரும் அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோடை விடுமுறையில் கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான பள்ளத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒன்றாவது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆகவே அந்தத் தாய்க்கும் உங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனோடு சேர்ந்து நானும் இந்த விளையாட்டை ஆடிவருகிறேன். அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்டது இது. விண்கலம் நொறுங்கி, கடல் சூழ்ந்த வேற்றுக்கோளில் தனியே விழுந்த ஒருவன், பசி, தாகம், மூச்சு மூன்றையும் கணக்குப் பார்த்துப் பிழைத்திருக்க வேண்டும். கொல்லும் துப்பாக்கி கிடையாது. 2012இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று இயக்குநர் சார்லி கிளீவ்லாந்து சொல்லியிருக்கிறார். வன்முறை என்று அஞ்சியவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்த ஆட்டத்தில் சாவு எப்படி வருகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஆடுபவருக்கு 45 விநாடி மூச்சு. முதல் காற்று உருளையைச் செய்துகொண்டால் 75 விநாடி. 100 மீட்டருக்குக் கீழே, அதற்கென்று உள்ள முகக்கவசம் இல்லாமல் இறங்கினால் அந்தக் காற்றும் விரைந்து தீரும். ரீப்பர் என்னும் பெருவிலங்கின் வாயில் நாங்கள் மாட்டியது சில முறைதான். மற்றபடி செத்ததெல்லாம் மூச்சு முடிந்து. ஒருநாள் இரவு, உடைந்து கிடந்த கலத்தின் அறைக்குள் நான் நுழைந்தபோது, 30 விநாடிதான் மிச்சம் என்று ஆட்டத்தின் குரல் எச்சரித்தது. எதிரே ஒரு பெட்டி தெரிந்ததால், அதையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கை நீட்டினேன். எடுத்துத் திரும்பினால் வந்த வழி எது என்று தெரியவில்லை. மேலே நீந்தினால் கூரை இடித்தது. மிச்ச மூச்சைக் காட்டும் எண் பூஜ்யமாகி, திரை மெல்ல மெல்ல இருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், “பாதி மூச்சு இருக்கும்போதே திரும்பிரணும்ப்பா” என்றான். அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, செத்துச் செத்துத் தெரிந்துகொண்டான். இப்போது குகைக்குள் போனால் வழிநெடுக விளக்குப் புள்ளிகளை விட்டுக்கொண்டே போகிறான். மூச்சை நிரப்பிக்கொள்ளக் காற்றுக் குமிழி விடும் மூளைப் பவளம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்கிறான்.

ஆனாலும் விளையாட்டு இரண்டு இடங்களில் பொய் சொல்கிறது. அந்தத் தாயின் அச்சம் அங்கேதான் நியாயமாகிறது. முதலாவது, செத்தவன் கடைசியாகத் தங்கிய இடத்தில் எழுந்துவிடுகிறான். கிளம்பியபின் சேர்த்த பொருள்களில் சில போவதோடு சரி. இரண்டாவது, எனக்குப் பெரிதாகப் படுவது, மிச்ச மூச்சைக் காட்டும் அந்த எண். மெய்யான உடம்பில் எண் ஓடுவதில்லை. மூச்சு முட்டுகிறது என்று நமக்கு உணர்த்துவது ஆக்சிஜன் குறைவதன்று, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதே. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். மூச்சு முட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். படித்துறையில் தம் கட்டிப் பந்தயம் வைக்கும் பையன்கள் இதைத்தான் செய்கிறார்கள். நானும் அந்த வயதில் குறுக்குத்துறையில் செய்திருக்கிறேன். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கூப்பாடு போடுவதும் இல்லை. வாய் தண்ணீருக்கு மேலே நிற்கிற கணத்தில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கும்.

இதே விளையாட்டில் ‘ஹார்ட்கோர்’ என்று ஒரு முறை உண்டு. அதில் ஒரே உயிர். மூச்சு குறைகிறது என்று குரல் எச்சரிக்காது. செத்தால் ஆட்டமே அழிந்துவிடும். ஆறு அப்படிப்பட்டது என்று சொன்னபோது என் மகன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். ஆற்றங்கரை அறிவிப்புப் பலகை சொல்லாத எதையோ அந்த ஒரு வாக்கியம் அவனுக்குச் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டில் தனியாகத்தான் இறங்க வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் தனியாக இறங்கியதில்லை (1986 வரை அதுவும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான்). கல்லைக் காலில் கட்டி இறங்கியவருக்குத் தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலிக்கு அவர்தான் பொறுப்பு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழக்கியவர்களும் நம் கண்ணெதிரேதான் இருந்தார்கள்.

ஆகவே கழகத்திடம் நான் கேட்பது இதுதான். சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக, கோடை விடுமுறைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, அவர்கள் எப்படியெல்லாம் செத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வோம். அதில் எது ஆற்றிலும் நடக்கும், எது நடக்காது என்று நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் எடுத்துச் சொல்லட்டும். மறுநாள் காலை, கரையில் ஆள் நிற்க, இடுப்பில் கயிறு கட்டி, ஆழமில்லாத இடத்தில் பிள்ளைகளை இறக்கலாம். கயிறும் சுரைக்குடுக்கையும் நான் கொண்டு வருகிறேன். கரையில் நிற்க இன்னும் நான்கு பெற்றோர் வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை,
பாளையங்கோட்டை.