சீர்ச் சட்டியில் ஒரு கறிப்பை

காரைக்குடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சிகப்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. நீ எழுதியிருந்த அந்த இங்கிலீஷ் 'பை'யை (pie), கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மேலே மாவு மூடிச் சுடுகிற பண்டத்தை, செய்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவது என்று இருந்துவிட்டேன். முதல் ஞாயிறு கெட்டது. இரண்டாவது ஞாயிறு பாதி தேறியது. இன்றைக்குத்தான் சரியாக வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர் பட்ட பாட்டைக் கேள். ஆத்தா பத்து நாளாக இங்கேதான் இருக்கிறார்கள். "இன்னைக்குக் கறிப்பை செய்யப் போறேன் ஆத்தா" என்றேன். "எதுக்குடி? கறிக்கடைக்குத்தான் ஒயர்கூடை இருக்கே" என்றார்கள். விளக்கிச் சொன்னதும், "அப்பச் சோமாசியப் பெரிசாச் செஞ்சு உள்ள கறிய வைக்கிற, அம்புட்டுத்தானே" என்று முடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கிற நீ இரண்டு பக்கம் எழுதினாய், அவர்களுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

முதல் ஞாயிறு கெட்டதற்கு நான்தான் காரணம். வெண்ணெய் என்று நீ எழுதியிருந்ததை, வீட்டில்தான் நல்ல நெய் இருக்கிறதே என்று மாற்றினேன். சுட்டு எடுத்தால் மேல் மூடி நான்கட்டாய் மாதிரி உதிர்ந்தது, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம். போதாக்குறைக்கு, கறியை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே மாவைப் போட்டு மூடியிருந்தேன். மாவு வேகும் முன்பே கொழுப்பு உருகி, மூடி நடுவில் குழிந்து, குழம்புக்குள் முங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் இந்த மாவின் குணம் பிடிபட்டது. புரோட்டாவுக்கு அடித்து, இழுத்து, ஊறவைத்துப் பிசைகிறோம் இல்லையா? அதற்கு நேர் எதிர் இது. 250 கிராம் மைதா, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல் நுனியால் புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்துவிட வேண்டும். கொழுப்பு மாவைச் சுற்றிப் பூசிக்கொண்டால், தண்ணீர் உள்ளே போய் ஜவ்வு பிடிக்க இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் கடித்தால் மொறுமொறுவென்று உடைகிறது. பிறகு ஐஸ் தண்ணீர் நாலைந்து ஸ்பூன், சேர்ந்து வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நம் கை சும்மா இருக்குமா? அதுதான் கஷ்டமே.

உங்கள் ஊர்க் குளிரில் இதெல்லாம் தானாக நடக்கும். இங்கே பத்து மணிக்கு வெண்ணெயை வெளியில் வைத்தால் பத்தே காலுக்கு அது எண்ணெய். அதனால் இன்று விடியற்காலை ஐந்தரைக்கே, அடுப்படிக் கருங்கல் மேடையில் மாவை உதிர்த்து, துணி சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். தேய்த்ததும் அதே கல்லில்தான். தரை மாதிரியே அந்தக் கல்லும் காலையில் ஜில்லென்று இருக்கும்.

இரண்டாவது ஞாயிறு பாதிதான் தேறியது என்றேனே, அதற்குக் காரணம் என் வாய். வெறும் உப்பு, மிளகு, வெங்காயம் என்று நீ எழுதியிருந்ததை நம்ப முடியவில்லை. சோம்பு, பட்டை, கல்பாசி, இரண்டு குண்டு மிளகாய் வறுத்துப் பொடித்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிடும்போது பேக்கரி மட்டன் பப்ஸ் ஞாபகம்தான் வந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாலே கிடைக்குமே என்று தோன்றிவிட்டது.

இன்றைக்கு மசாலா டப்பாவைத் தொடவே இல்லை. அரைக்கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, கொஞ்சம் கொழுப்போடு. உன் ஊரில் மாட்டுக்கறியோ செம்மறியோ போடுவீர்கள், நமக்கு வெள்ளாடுதான், அது வேகச் சுணங்கும். வெங்காயத்தை வதக்கி, கறியைப் பிரட்டி, முங்கத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில். முக்கால் கிலோ கிழங்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற ஊட்டிக் கிழங்கு. இதில் ஒரு வேலை செய்தேன், நீ எழுதாதது. பாதியைப் பொடியாகவும் பாதியைப் பெரிதாகவும் நறுக்கினேன். பொடி கரைந்து சாற்றைக் கெட்டியாக்கிவிட்டது, பெரிசு பெரிசாகவே நின்றது. மிளகு மட்டும் நீ சொன்ன அரை ஸ்பூன் மூக்கில்கூட ஏறாது, ஒன்றரை ஸ்பூன் இடித்துப் போட்டேன். மன்னித்துக்கொள்.

நன்றாக ஆறவைத்த பிறகு மூடினேன். அடிமாவு வைக்கவில்லை. மேல்மூடி மட்டும் போட்டுச் செய்கிற வீடுகளும் அங்கே உண்டு என்று நீதானே எழுதினாய், எனக்கு அதுவே போதும். நடுவில் ஆவி போக ஓட்டை, மேலே முட்டை தடவி, ஓவனில் 200 டிகிரி, நாற்பது நிமிஷம்.

வாயில் வைத்ததும் எனக்கு உப்புக்கறிதான் ஞாபகம் வந்தது. ருசி ஒன்று என்று சொல்ல மாட்டேன். கறியைக் கறியாகவே விட்டுவிடுகிற அந்தப் போக்கு ஒன்று. இன்னொன்றும் தோன்றியது. திடீரென்று நாலு பேர் வந்து நின்றால் ஆத்தா குழம்பில் கிழங்கை வெட்டிப் போட்டுப் பெருக்குவார்கள், நீயும் எங்கள் வீட்டில் அந்தக் குழம்பை எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாய். உங்கள் பக்கத்து மில் தொழிலாளர் வீடுகளில் கொஞ்சக் கறி, நிறையக் கிழங்கு, வயிற்றை அடைக்க மேலே மாவு. அதே கணக்குத்தான்.

உங்கள் பக்கத்து ஊர் டென்பி டேலைப் பற்றி நீ எழுதிய கதையை ஆத்தாவுக்குச் சொன்னேன். 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு ஊருக்கே ராட்சதப் பை சுட்டதும், வெட்டியபோது நாற்றம் தாங்காமல் சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததும், சில நாளிலேயே ஊர்ப் பெண்கள் வேறொன்று சுட்டு மானத்தைக் காப்பாற்றியதும். "முதல்ல செஞ்சது ஆம்பளைகளா இருக்கும்" என்றார்கள். நீதான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

சுட்ட பாத்திரத்தைச் சொல்லவில்லையே. என் கல்யாணச் சீரில் பரப்பியிருந்த எனாமல் சாமான்கள் நினைவிருக்கிறதா, வெள்ளையில் நீல விளிம்பு? ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தவை. சீர் பரப்பிய அன்று வெளியே வந்ததோடு சரி, பிறகு அறைக்குள்தான். பின் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தேக்குத் தூண்கள் லாரியில் போயின, சாமான்கள் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு. போன வாரம் அங்கே நம்முடையது போலவே ஒரு சட்டியைப் பார்த்தேன், விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து நேரே அறையைத் திறந்து, ஓரம் அகன்ற அந்தச் சட்டியை எடுத்துக் கழுவினேன். ஆத்தா திட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஓவனிலிருந்து வந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுக்குல இன்னும் ரெண்டு இருக்கு, சின்னது. ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும்" என்றார்கள். எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.

மற்றபடி எல்லோரும் சுகம். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. மழை இன்னும் வரவில்லை, வளவில் காயப்போட்ட வற்றலுக்கு அது நல்லதுதான்.

மார்கழியில் வருகிறாய் அல்லவா? இதோடு தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்புக் கோஸ் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதில் ஒரு பாட்டில் கொண்டு வா. நன்றாக மூடிச் சுற்றி வை, போன தடவை ஜாம் பாட்டில் உன் பட்டுச்சேலைக்குச் செய்ததை மறந்துவிடாதே.

அன்புடன்,
வள்ளி