தேரையை மட்டும் திட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலங்கு ஆவணப்படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரையை 'நாட்டை அழிக்க வந்த வில்லன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மார்க் லூயிஸ் 1988-இல் எடுத்த 'கேன் டோட்ஸ்' படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு இப்படி எழுதியதுதான் வருத்தம். அந்தப் படம் சொல்வதே வேறு.

தேரை தானாக வரவில்லை. கரும்பு வண்டை ஒழிப்பதற்காக 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்து, குயின்ஸ்லாந்தின் கோர்டன்வேலில் பெருக்கி, வயல்களில் விட்டார்கள். வண்டு இருப்பது மேலே தோகையில். அதன் புழு மண்ணுக்கடியில் வேரைத் தின்னும். தேரையோ தரையில். அப்புறம் எப்படிப் பிடிக்கும்? வால்டர் ஃப்ரோகட் என்ற பூச்சியியல் அறிஞர் அப்போதே எச்சரித்தார். அரசும் கொஞ்ச காலம் தடை போட்டது. 1936-இல் அதை விலக்கிக்கொண்டது. கண்ணுக்குப் பின்னால், தோள்மேல் புடைத்திருக்கும் சுரப்பியில் தேரைக்கு நஞ்சு. அதைக் கவ்விய உடும்பும், குவோல் என்கிற பூனை போன்ற பைம்மாவும், நன்னீர் முதலையும் செத்துப்போயின.

லூயிஸ் இதைக் கனத்த குரலில் பாடமாக நடத்தவில்லை. கேமராவைத் தரையில் வைத்துத் தேரையின் கண்மட்டத்திலிருந்து ஊரைப் பார்க்கிறார். ஒரு சிறுமி கொழுத்த தேரையை மடியில் கிடத்திப் பொம்மைபோலக் கொஞ்சுகிறாள். தோட்டத்தில் தேரை இருந்தால்தான் நிம்மதி என்கிறவர்களும் வருகிறார்கள், சாலையில் வேனை வளைத்து வளைத்து ஓட்டி அதை நசுக்கப் பார்க்கிறவரும் வருகிறார். சாலையில் செத்துக் கிடக்கும் பெண் தேரையை விடாமல் கட்டிக்கொண்டிருக்கும் ஆண் தேரையைக் காட்டும்போது சிரிப்பதா, முகம் சுளிப்பதா என்று தெரியவில்லை. படத்தில் வேடிக்கையாகத் தெரிவது பெரும்பாலும் மனிதர்கள்தான். 2010-இல் இதே கதையை அவர் முப்பரிமாணத்தில் மறுபடியும் எடுத்தார். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை.

வில்லன் பட்டம் சும்மா போகிற விஷயமில்லை. கோல்ஃப் மட்டையால் தேரையை அடிப்பது அங்கே பொழுதுபோக்காகவே ஆனது. ஆள் தெரியாமல் உள்ளூர்த் தவளைகளும் அடிபட்டுச் சாகின்றன. உருப்படியான வேலை வேறிடத்தில் நடந்தது. உயிரியல் ஆய்வாளர் ரிக் ஷைன் குழுவினர் தேரை இறைச்சியில் குமட்டல் மருந்தைக் கலந்து குவோல்களுக்குக் கொடுத்தார்கள். ஒருமுறை வயிற்றைப் புரட்டினால் அடுத்த முறை தேரைப் பக்கமே போகாது என்பது கணக்கு. அங்குள்ள நீரெலியும் யாரும் சொல்லித்தராமலே தேரையின் நெஞ்சைக் கீறி, நஞ்சுள்ள தோலை ஒதுக்கி, இதயத்தையும் ஈரலையும் தின்னப் பழகிவிட்டது. இப்படி ஒரு காட்சிக்கு எத்தனை புலி வேட்டையையும் விட்டுக்கொடுப்பேன்.

இவ்வளவு தூரம் போனவர்கள் அந்தமானையும் எட்டிப் பார்த்திருக்கலாம். நம் வயல்களில் மழைக்காலத்தில் கத்தும் பெரிய தவளை அங்கே அந்நியன். அதன் தலைப்பிரட்டைகள் தீவின் சொந்தத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. மீன் குஞ்சுகளோடு சேர்ந்து அது தீவுக்குத் தீவு பரவியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். எழுதுகிறவர் தவளையைத் திட்டுவதற்கு முன்னால் மீன் குட்டை வைத்திருப்பவர்களிடமும் பேசிவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.