நாங்கள் கை தூக்கியதை ஏழு பேர் மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கத்தில் கடல்பாசி எடுக்கிறவள். போன மாசியில் எங்கள் சங்கப் பொதுக்குழு கூடியது. உறுப்பினர் 142 பேரில் 81 பேர் வந்திருந்தோம். காய்ந்த பாசியை இத்தனை வருடமாக ஒரே வியாபாரிக்குத்தான் போடுகிறோம். அவர் சொல்வது விலை, அவர் தராசில் நிற்பது எடை. இனிமேல் மூன்று வியாபாரிகளிடமாவது விலை கேட்டு, கூடுதலாகத் தருகிறவருக்குப் போடலாம் என்று தீர்மானம் வந்தது. 63 பேர் கை தூக்கினோம். நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

இருபது நாள் கழித்துச் செயற்குழுவின் ஏழு பேர் கூடி, "சங்க நலன் கருதி" அதை ரத்து செய்துவிட்டார்கள். பாசி பழைய வியாபாரிக்கே போகிறது. கேட்டதற்கு, "பொதுக்குழு யோசனை சொல்லலாம், முடிவு எங்களுடையது" என்றார்கள்.

என் மகள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி, சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிற துணைவிதியின் நகல் வாங்கி வந்தாள். இத்தனை வருடத்தில் அதை நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். விற்பனை யாருக்கு, எப்படி என்று முடிவு செய்வது பொதுக்குழு என்று அதில் எழுதியே இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ஐயும் உட்கார்ந்து படித்தோம். செயற்குழுவை நியமிப்பதே உறுப்பினர் கூட்டம்தான். ஒரு தடவை நியமித்தால் 3 ஆண்டுக்கு மேல் பதவி கிடையாது. துணைவிதியைத் திருத்த வேண்டுமென்றால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டம் போட்டு, வாக்களிக்க உரிமையோடு வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். 81 பேரில் 63 பேர் என்பது அந்தக் கணக்கையும் தாண்டுகிறது.

செயற்குழுவுக்கு அதிகாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேன் வாடகைக்கும் வங்கிக் கையெழுத்துக்கும் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. துணைவிதி ஒரு வேலையைச் செயற்குழுவுக்கு மட்டும் என்று கொடுத்திருந்தால், முதலில் துணைவிதியைத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை வேறு ஆட்களை உட்கார வைக்க வேண்டும். எங்கள் தீர்மானத்தில் ஏதாவது சட்டச் சிக்கல் இருந்தாலும் சரி, மறுபடி பொதுக்குழுவைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு ரத்து செய்ய அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

விலையில் போன காசைவிட இன்னொன்றுதான் எனக்குப் பெரிய வேதனை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கித்தான் பாசி எடுக்கிறோம். பாறை கிழித்த தழும்பு இல்லாத கை எங்களில் யாருக்கும் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவுக்குள் வந்ததிலிருந்து கெடுபிடி வேறு. கடலும் பிழைக்க வேண்டும், நாங்களும் பிழைக்க வேண்டும் என்று இந்தக் கரைப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும், கண்ணெதிரே பாசி கிடந்தும் இறங்காமல் கரையில் நின்றிருக்கிறேன். யாரும் காவல் நிற்கவில்லை. நாங்களே சொன்ன சொல் என்பதால் நின்றோம்.

நாளைக்கு ஒரு சின்னப் பெண் பதின்மூன்றாம் நாள் இறங்கினால் அவளிடம் என்ன சொல்வது? "எல்லோரும் கூடி எடுத்த முடிவு தாயி" என்பேன். "அதையும் ஏழு பேர் மாற்றிக்கலாமே அத்தை" என்று அவள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதே சட்டத்தின் 36-வது பிரிவில், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம் என்று இருக்கிறது. எங்களுக்கு 48 கையெழுத்து வேண்டும். இதுவரை 39 சேர்ந்திருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிற பெண்கள் பயப்படுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த அமாவாசைக்கு எல்லோரும் கரைக்கு வருவார்கள். மிச்சம் ஒன்பது பேரை அங்கே பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.