அக்காவுக்கு, அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். "அம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போ, நான் எதுக்கு" என்று ஆரம்பித்து அம்மாவின் சர்க்கரை மாத்திரையில் கொண்டுவந்து முடிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். மே மாதம் இங்கே பல்கலைக்கழகத்தில் என் பட்டமளிப்பு, நீ வருகிறாய். கல்யாண வீடோ கோயிலோ, எங்கே கூப்பிட்டாலும் நீ முதலில் கேட்பது "படி இருக்கா?" என்பதுதானே, அதையே நானும் கேட்டுக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வளாகம் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

முதலில் கெட்ட செய்தி. ஊர் மேடு. ரயிலடிப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் கிழக்கே போகப் போக ஏற்றம்தான், எனக்கே மூச்சு வாங்குகிறது. மலையடிவாரத்தில் கட்டிய வளாகத்தை எந்தச் சட்டம் போட்டும் சமதளமாக்க முடியாது. படி வழியாக இரண்டு நிமிடத்தில் போகிற இடத்துக்குச் சாய்தளம் வழியாகப் போனால் சுற்றுதான். ஆனால் வழி இருக்கிறது, அதுதான் விஷயம். படியில்லாத வாசல் எது, லிஃப்ட் எங்கே என்று காட்டுகிற வரைபடம் இருக்கிறது. கதவுப் பக்கத்தில் வீல்சேர் படம் போட்ட ஒரு தட்டு, கையாலோ முழங்கையாலோ அழுத்தினால் கதவு தானாகத் திறக்கும். இரண்டு கையிலும் காப்பி வைத்திருக்கும் பையன்களும் அதைத்தான் அழுத்துகிறார்கள், நானும்தான்.

பேருந்தைப் பற்றிச் சொல்லியே ஆகணும். வந்த புதிதில் ஒரு நாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பேருந்து நின்றது, நகரவே இல்லை. எட்டிப் பார்த்தால் ஓட்டுநர் வண்டியை முன்பக்கம் தாழ்த்தி, வாசலிலிருந்து ஒரு பலகையை நீட்டி, முன் இருக்கையை மடக்கி, ஏறிய யாரோ ஓர் அம்மாவின் வீல்சேரை வாரால் கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று நிமிடம் போயிருக்கும். யாரும் உச்சுக் கொட்டவில்லை. யாரும் "பாவம்" என்று பார்க்கவும் இல்லை, அதுதான் எனக்கு அதிசயம். அந்த அம்மா யாருக்கும் நன்றி சொல்லிக் கும்பிடவும் இல்லை, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு உன் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாம் மாடியில் ஹால். இரண்டு பையன்கள் உன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள், நீ "பல்லக்கு சவாரி" என்று சிரித்தாய், அவர்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து காலைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றும்போது அழுததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. எம்.எஸ்சி. வகுப்பும் மாடியில்தான் என்று தெரிந்ததும் "மேல படிக்க இஷ்டமில்லை" என்றாயே, அதையும் நான் நம்பவில்லை.

சரி, இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்று கேள். 1962இல் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இங்கே படிக்க வந்தார். உனக்கு வந்த அதே போலியோ, அவருக்கு 14 வயதில். கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவே இல்லை, ராத்திரி இரும்பு நுரையீரலுக்குள், அதாவது மூச்சு விடவைக்கும் ஒரு பெரிய உருளை எந்திரத்துக்குள் தூங்கணும். அது 800 பவுண்டு எடை, விடுதித் தளம் தாங்காது. அதனால் வளாகத்து ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள், தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்' (கைகால் செயலிழந்து சக்கரத்தில் உருளுகிறவர்கள்) என்று பேர் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரங்களைச் சரிவாக வெட்டித் தரச் சொல்லி நகராட்சியோடு மல்லுக்கு நின்றார்கள். இன்று தள்ளுவண்டிக் குழந்தை முதல் பெட்டி இழுக்கிறவர் வரை எல்லாரும் அந்தச் சரிவில்தான் போகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இவரால் வேலை செய்யவே முடியாது என்று படிப்புக்கு உதவ மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் இவரை இயக்குநராகப் போட்டார்கள்!

அப்புறம் 1973இல், மத்திய அரசுப் பணம் வாங்கும் இடங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது, ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம். ஜூடி ஹ்யூமன் முன்னால் நின்றவர்களில் ஒருவர், அவருக்கும் போலியோதான். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்துக்காரர்கள் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து ஆனது. நாட்டுக்கே பொதுவான பெரிய சட்டம் 1990இல்தான் வந்தது. நம் நாட்டிலும் 1995, 2016 என்று இரண்டு சட்டம் உண்டு, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெரினாவில் 2022இல் கடல் வரைக்கும் மரப்பாதை போட்டபோது நீ அனுப்பிய வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது, அடுத்த மாதமே புயல் அதைப் பதம் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நான் இருக்கும் வீட்டில் உன்னைத் தங்கவைக்க முடியாது. பழைய மரவீடு, வாசலில் ஐந்து படி. ஒரு சாய்தளம் போட்டுவிடலாம் என்று நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். படி ஏழு அங்குலம், ஐந்து படிக்கு 35 அங்குலம், ஆக 35 அடி. அதுவும் 30 அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சாக ஏறக் கூடாது, நடுவில் சமமான ஓர் இடம் விடணும். எங்கள் முன்வாசல் பத்து அடி. பலகையைச் சும்மா செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டு "ராம்ப் இருக்கு" என்று சொல்கிற வேலை நம் ஊரில் நீ பட்டது போதும். அதனால் குளியலறைக்குள் வீல்சேரோடு போகக்கூடிய விடுதி அறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். செலவைப் பற்றிப் பேசாதே.

டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுகிறேன், அதற்குத் தனிக் காசு கிடையாது. அம்மாவுக்கும் சேர்த்துத்தான். "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்று அவள் சொல்வாள், விமான நிலையத்துக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு சொல்லச் சொல். சோதனையில் உன் காலிப்பருக்கு மணி அடிக்கும், பதறாதே. பார்ட் ரயிலுக்கு லிஃப்ட் உண்டு. ஆஷ்பி நிலையத்தில் எட் ராபர்ட்ஸ் பேரில் ஒரு கட்டடம் இருக்கிறது, உள்ளே சிவப்பு நிறத்தில் வளைந்து வளைந்து மாடிக்கு ஏறும் பெரிய சாய்தளம், உன்னை அதில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கணும். வளாகத்து மணிக்கூண்டுக்கு மட்டும் லிஃப்டை விட்டு இறங்கிய பிறகும் 38 படி. நாம் கீழே புல்லில் உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்போம், அம்மா வேண்டுமானால் ஏறட்டும், உச்சிப்பிள்ளையாரையே விடாதவள்.

கடைசியாக ஒன்று. விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் "உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று ஒரு கட்டம். படியில்லாத இருக்கையா, வாசல் வரை வண்டியா, பக்கத்தில் ஒருத்தர் உட்கார இடமா, எதுவானாலும் எழுதலாம். நானே நிரப்பப் போனேன், பாதியில் நிறுத்திவிட்டேன். இது நீ சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு. "எதுவும் வேண்டாம், நான் சமாளிச்சுக்குவேன்" என்று மட்டும் அனுப்பாதே, அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் தம்பி